குஞ்சுகளுக்குக் கொடுக்கும் நுண்ணுயிர்த் தூள் குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்கள் கடைக் குஞ்சுகளுக்குக் "கிருமியைக் கரைத்துக் கொடுக்கிறார்கள், அதனால்தான் சாகின்றன" என்றொரு செய்தி கருங்கல், குலசேகரம் வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவருகிறது. கடைக்கு வந்து கேட்டவர்களிடம் சொன்னதையே இங்கு எழுதுகிறோம்.

தாய்க்கோழியோடு திரியும் குஞ்சு, அது கிளறிய மண்ணையும் எச்சத்தையும் கொத்தும்போதே நன்மை செய்யும் பாக்டீரியாக்களைத் தன் குடலுக்குள் வாங்கிக்கொள்கிறது. பொரிப்பகத்திலிருந்து பெட்டியில் வரும் ஒரு நாள் குஞ்சோ தாயையே காணாதது. ஏறக்குறைய வெறுமையான அதன் குடலில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி முதலில் நுழைந்தால் தடையின்றிப் பெருகிவிடும். நல்லவை முந்திக்கொண்டால், குடல் சுவரில் இடத்தையும் இரையையும் பிடித்து, அமிலம் சுரந்து, கெட்டவற்றைக் காலூன்ற விடுவதில்லை. பின்லாந்தில் 1971இல் பிராய்லர் கோழிகளிடையே சால்மோனெல்லா பரவிய பின், நூர்மி, ரன்டாலா என்ற ஆய்வாளர்கள் வளர்ந்த கோழியின் குடலில் இருந்தவற்றைக் குஞ்சுகளுக்குப் புகட்டி, அவை காக்கப்படுவதை 1973இல் எடுத்துக்காட்டினர். நாங்கள் தரும் தூளில் இருப்பது லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா. தயிரை உறைய வைக்கும் கூட்டத்தைச் சேர்ந்தது. அதைக் கிருமி என்று ஏசுவதுதான் எங்களை மிகவும் வருத்துகிறது.

புகார் கூறியவர்களில் ஒருவர் கொண்டுவந்த மூன்று வாரக் குஞ்சைக் கால்நடை மருத்துவர் அறுத்துக் காட்டியபோது, குடலின் கடைசியில் உள்ள இரண்டு பைக்குடல்களும் இரத்தம் கட்டிக் கருஞ்சிவப்பாக உப்பியிருந்தன. அது இரத்தக் கழிச்சல். தரையில் பரப்பிய மரத்தூள் மழையில் நனையும்போது அதில் முதிர்ந்து, குஞ்சின் குடலுக்குள் சென்று பெருகும் காக்சிடியா என்ற ஒட்டுண்ணியால் வருவது. அதையோ, வைரஸால் வரும் வெள்ளைக்கழிச்சலையோ (ராணிக்கெட் நோய்) இந்தத் தூள் தடுக்கும் என்று நாங்கள் ஒருபோதும் சொன்னதில்லை. பின்னதற்குத் தடுப்பூசிதான் வழி.

தூளைக் குஞ்சு வந்த முதல் நாளே கொடுங்கள். மழைக்காலத்தில் நம் ஊர்க் கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் போடுவது வழக்கம். அந்தத் தண்ணீரில் கரைத்தால் நல்ல பாக்டீரியாவும் செத்துவிடும். ஆண்டிபயாடிக்குடன் சேர்த்துக் கொடுத்தாலும் அதே கதிதான். கரைத்த தண்ணீரை மறுநாளுக்கு வைக்காமல் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் எங்களை விட்டுப் போகாமல், "நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று குஞ்சு எடுத்துச் சென்ற உங்களுக்கு மனமார்ந்த நன்றி. தீவனம், வண்டி வாடகை உயர்வால் அடுத்த மாதம் முதல் குஞ்சு ஒன்றுக்கு இரண்டு ரூபாய் கூடும். தூளுக்கும் தனியே விலை உண்டு. குஞ்சு இறந்தால் புதைக்கும் முன், அன்றே அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசென்று காட்டுங்கள்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர், மார்த்தாண்டம்