கொல்ல அங்கே வைரஸே இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் ஒரு வரி: 'ஊசியில் செலுத்தும் ஆன்டிபாடி கருப்பைவாய்ப் புற்றுநோய் செல்லுக்குள் நுழைந்து வைரஸைக் கொன்றுவிடும்.' ஒரே வரிக்குள் இத்தனை பிழைகளை அடக்கிய சிக்கனத்துக்குப் பாராட்டுகள்.

அந்த செல்களில் பெரும்பாலும் முழு வைரஸ் கிடையாது. கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸான ஹெச்பிவியின் மரபணுத் துண்டு குரோமோசோமில் ஒட்டிக்கொண்டு இ6, இ7 புரதங்களை உற்பத்தி செய்கிறது. இ6, செல்லின் சொந்த நொதி ஒன்றைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு செல்லின் காவல் புரதமான பி53-ஐச் சிதைக்கிறது. இ7, செல் பெருக்கத்துக்குக் கடிவாளமிடும் ஆர்பி புரதத்தை முடக்குகிறது. தடுக்க வேண்டியது இவ்விரண்டையும்தான்.

முழு ஆன்டிபாடியின் எடை சுமார் 150 கிலோடால்டன் (மூலக்கூறு எடைக்கான அலகு). செல்சவ்வைத் தானாகக் கடக்காது. செல் விழுங்கினாலும் பெரும்பகுதி செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் செரித்துப்போகும். இது தாங்கள் அறியாததா என்ன! ஆகவே செலுத்துவது ஆன்டிபாடித் துண்டின் மரபணுவை. ஆன்டிபாடியின் இரு சங்கிலிகளின், இலக்கைப் பிடிக்கும் மாறும் பகுதிகளை மட்டும் எடுத்து, 15 அமினோ அமில இணைப்பால் தைத்தால் சுமார் 27 கிலோடால்டன் துண்டு. மரபணு ஏறத்தாழ 750 கார இணைகள் (டிஎன்ஏ எழுத்து இணைகள்). செல்லே அதைத் தயாரித்துக்கொள்ளும். சிக்கலும் அங்கேதான். உட்கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசத்தின் ஒடுக்கச் சூழலில், துண்டின் மடிப்பைப் பிடித்துவைக்கும் டைசல்பைடு பிணைப்பு உருவாகாது. சோதனைக்குழாயில் அருமையாகப் பிடித்த துண்டு, உள்ளே மடியத் தெரியாமல் கட்டியாகத் திரளும். அதனால்தான் செல்லுக்குள்ளேயே சோதித்துப் பொறுக்குகிறார்கள், அல்லது ஒட்டக இனத்தின் ஆன்டிபாடியிலிருந்து எடுக்கும் 15 கிலோடால்டன் சிறு துண்டான நானோபாடியை நாடுகிறார்கள். இ7 பெரும்பாலும் உட்கருவில் இருப்பதால் துண்டுக்கு உட்கரு முகவரியையும் சேர்க்க வேண்டும். மரபணு போய்ச் சேராத ஒவ்வொரு செல்லும் தன்பாட்டில் பெருகும். 'கொன்றுவிடும்' என்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

பழைய கணக்கும் உண்டு. ஆய்வகத்தில் வளர்க்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய் செல்லான ஹீலாவில் இருப்பது ஹெச்பிவி-16 வகை என்று முன்பு எழுதினீர்கள். அதில் இருப்பது 18. 16-க்கு மட்டும் பொருந்தும் துண்டை ஹீலாவில் போட்டுவிட்டு 'பலனில்லை' என்பதற்குத்தான் அது உதவும். 16 வேண்டுமானால் சிஹா, காஸ்கி என்ற ஆய்வக செல்கள் உண்டு. ஹெச்பிவி இல்லாத சி33ஏ செல்லும் உடன் செத்தால் அது வெறும் நச்சுத்தன்மை. வைரஸின் எல்1 உறைப்புரதத்துக்கு எதிரான, தொற்று வராமல் தடுக்க மட்டுமே உதவும் தடுப்பூசி, வந்த நோயையும் ஆற்றும் என்றீர்கள். மரபணு செயல்படுவதைக் குறிக்கும் 'ஜீன் எக்ஸ்பிரஷன்' என்பதை 'மரபணுவின் முகபாவம்' ஆக்கியதும் உங்கள் பக்கமே.

பிழைதிருத்தத்தில் இரண்டு வரி போதும்: 'ஆன்டிபாடி' என்பதை 'ஆன்டிபாடித் துண்டின் மரபணு' என்றும், 'வைரஸைக் கொன்றுவிடும்' என்பதை 'இ6, இ7 புரதங்களைத் தடுக்க உதவும்' என்றும் மாற்றுங்கள். உட்கருவுக்குள் ஒய் வடிவ ஆன்டிபாடி நீந்தும் அந்தப் படத்தையும் எடுத்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்