சம்பளப் பட்டியலில் ஆளை அழிக்கும் பட்டன் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்கு பார்ப்பவள் நான். சின்ன யூனிட்டுகளில் எக்செல் ஃபைல்தான் சம்பளப் புத்தகம். ஆட்கள் சேர்வதும் நிற்பதுமாக இருப்பதால், தெரிந்த பையன் யாராவது ஒரு மேக்ரோ (எக்செல்லுக்குள்ளேயே ஓடும் சின்ன புரோகிராம்) எழுதிக் கொடுத்துவிடுகிறான். நின்றவர்களின் வரிசைகளை செலக்ட் செய்து பட்டனை அழுத்தினால் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். வேலை சுலபம்தான். ஆனால் அந்தப் பட்டனால் தொழிலாளிகளின் பணம் சிக்கிக்கொள்வதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

இங்கே சம்பளம் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) இரண்டும் மாதக் கணக்கு. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஒரு பவர் டேபிள் டெய்லர் மாத நடுவில் நின்றுவிட்டார் என்று வையுங்கள். அந்தச் சனிக்கிழமையே அவர் வரிசையை அழித்தால், அதுவரை பார்த்த இரண்டு வார ஷிஃப்டும் அதோடு போகும். மாதக் கடைசியில் பி.எஃப். பட்டியல் எடுக்கும்போது அவர் பெயரே வராது. சம்பளத்தில் பிடித்த பணம் அவர் கணக்கில் ஏறாது. வேலையை விட்ட தேதியைப் பதியவும் யாருக்கும் நினைவு இருக்காது. அப்புறம் அவர் ஒடிசாவிலிருந்தோ தேனியிலிருந்தோ போன் செய்து கெஞ்ச வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு யூனிட்டில் நடந்தது இன்னும் மோசம். லீவில் போனவர்களின் வரிசைகளை சூப்பர்வைசர் மறைத்து வைத்திருந்தார். மேலே ஒருவர், கீழே ஒருவர் என நின்றவர்கள் இருவரை ஒரே இழுப்பில் செலக்ட் செய்து பட்டனை அழுத்தினார்கள். நடுவில் மறைந்திருந்த வரிசைகளும் சேர்ந்து அழிந்தன. தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்த ஒரு செக்கிங் பெண்ணின் பெயரும் அதில் இருந்தது. லீவுக்கு முன் அவள் பார்த்த ஷிஃப்டுகளுக்குச் சம்பளம் கிடைத்ததற்கு ஒரே காரணம், கேட்டில் இருந்த வாட்ச்மேன் நோட்டு.

கன்ட்ரோல் இசட் போட்டால் திரும்பி வருமே என்று பலர் நம்புகிறார்கள். மேக்ரோ செய்த மாற்றத்தை எக்செல்லில் அப்படித் திருப்ப முடியாது. அதற்கு முன் கையால் செய்தவற்றைத் திருப்பும் வழியும் அடைந்துபோகும்.

மேக்ரோ எழுதும் விதத்திலும் ஒரு கோளாறு உண்டு. மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு போனால், 7ஆவது வரிசை போனதும் 8ஆவது மேலே ஏறி 7 ஆகிவிடும். மேக்ரோ அதைப் பார்க்காமல் அடுத்ததற்குத் தாவிவிடும். அடுத்தடுத்து இருக்கும் இருவரில் ஒருவர் பட்டியலிலேயே தங்கிவிடுவார். அழிப்பதைக் கீழிருந்து மேலே செய்வதுதான் சரி.

வரிசைகள் சத்தமில்லாமல் காணாமல் போவது பெரிய இடங்களிலும் நடக்கிறது. 2020இல் இங்கிலாந்தின் பொது சுகாதாரத் துறை, 65,536 வரிசைக்கு மேல் கொள்ளாத பழைய எக்செல் ஃபைலைப் பயன்படுத்தியதால் 15,841 கொரோனா தொற்றுகள் கணக்கில் விடுபட்டன. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை அதனால் தாமதமானது.

மேக்ரோ எழுதித் தருபவர்களையும் அதைச் சொல்லிக்கொடுக்கும் கம்ப்யூட்டர் சென்டர்களையும் கேட்டுக்கொள்கிறேன். மனிதர்களின் பெயர் உள்ள பட்டியலில் டெலீட் வேண்டாம். தேர்ந்தெடுத்த வரிசையை 'நின்றவர்கள்' என்று தனி ஷீட்டுக்கு மாற்றுங்கள்; பக்கத்திலேயே தேதியும், பட்டனை அழுத்தியவர் பெயரும் விழட்டும். "3 வரிசைகளை நீக்கவா?" என்று கேட்டால் யாரும் யோசிக்காமல் சரி என்று அழுத்துவார்கள். டோக்கன் நம்பரோடு பெயர்களைக் காட்டிக் கேளுங்கள். செலக்ட் செய்த இடத்தில் மறைந்த வரிசை இருந்தால் மேக்ரோ அங்கேயே நிற்கட்டும். இதற்கெல்லாம் கூடுதலாகச் சில வரி எழுதினால் போதும்.

முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நின்றவரின் கடைசி மாத பி.எஃப். கட்டி, விட்ட தேதியைப் பதிந்து, பாக்கிச் சம்பளமும் கொடுத்து முடிக்கும் வரை அவர் பெயரில் யாரும் கை வைக்கக் கூடாது என்று உங்கள் ஆபீஸில் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
சம்பளக் கணக்கர் ஒருவர்,
திருப்பூர்.