முதல் மூன்று கை அரிசி

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.
மார்கழி 5

அன்பு மகளுக்கு,

நேற்று நீ அழைத்தபோது உனக்கு இரவு பத்தரை, எனக்குக் காலை ஒன்பது. முற்றத்தில் மழை இரைந்துகொண்டிருந்ததால் நீ சொன்னதில் பாதி காதில் விழவில்லை. ஆனால் "ஒன்றும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை அம்மா" என்று சொல்லிவிட்டு நீ பேசாமல் இருந்தாயே, அது நன்றாகக் கேட்டது. இரவு முழுக்க அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். தொலைபேசியில் சொன்னால் நீயும் அழுவாய், நானும் அழுவேன். அதனால் எழுதுகிறேன். அயல்வீட்டுத் தம்பி கனடாவுக்குத் திரும்புகிறான், இந்தக் கடிதத்தையும் ஒரு பொதியையும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

கிறிஸ்மஸ் விடுமுறைக்கு மருமகனின் உறவுகள் வருகிறார்கள். கைக்குழந்தைக்கு எட்டு மாதம். தை பிறந்தால் பொங்கல். கனடா நாடாளுமன்றம் 2016இல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டதால் பெரியவனின் பள்ளிக்கூடத்திலும் பலகாரம் கேட்கிறார்கள் என்றாய். இவை எல்லாவற்றையும் ஒருத்தி செய்ய முடியாது பிள்ளை. இங்கே நான் செய்தபோது அம்மம்மா உரலடியில் இருந்தா, சித்தி தாச்சியடியில் இருந்தா, அப்பா தேங்காய் துருவித் தந்தார். உனக்கு அங்கே இரண்டு கைதான். முறுக்கையும் அரியதரத்தையும் கடையில் வாங்கு. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஒரு பலகாரத்தை மட்டும் வீட்டில் செய், அதையும் பெரியவனை வைத்துக்கொண்டு செய்.

அது பயற்றம் உருண்டையாக இருக்கட்டும். பயறு வறுத்து, கோது நீக்கி, திரித்த மாவை நானே பொதியில் வைத்திருக்கிறேன். நீ செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தேங்காய்ப்பூவைச் சிறு நெருப்பில் ஈரம் முழுதும் போய்ப் பொன்னிறமாகும்வரை வறு. அவசரப்பட்டு ஈரத்தோடு இறக்கினால் பலகாரம் கெதியாகச் சிக்கடித்துவிடும். மாவோடு தேங்காய்ப்பூ, சர்க்கரை, ஒரு சிட்டிகை மிளகு சீரகத் தூள் சேர்த்து, கொதிநீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக் கரண்டியால் கிளறு. சூடு ஆறிக் கை பொறுக்கும் பதம் வந்தபின் உருட்டும் வேலை பெரியவனுடையது. ஒன்று நெல்லிக்காய் அளவிலும் ஒன்று தோடம்பழம் அளவிலும் வரும். வரட்டும், நீ எடுத்துத் திருத்தாதே. பொரிக்காத உருண்டையை இரண்டு நாளில் தின்று முடியுங்கள். நாள்பட வைக்க வேண்டுமென்றால் தேங்காய்ப்பாலில் கரைத்த அரிசி மாவில் தோய்த்துப் பொரித்தெடு.

பொரிக்கும்போது மட்டும் பிள்ளைகள் அடுப்படிக்குள் வரக் கூடாது. தாச்சியின் பிடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வை. எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதே, அடுப்பை நிறுத்திவிட்டு மூடியால் மூடு. சுட்ட இடத்தில் பற்பசை பூசுவதும் மா அப்புவதும் இங்கே இன்னும் நடக்கிறது. அது பிழை. குழாய்க் குளிர்நீரின் கீழ் இருபது நிமிடம் பிடிக்க வேண்டும். ஐஸ் வைக்கவும் கூடாது. பிள்ளைக்குச் சுட்டால் அதற்குப் பிறகு வைத்தியரிடம் காட்டு.

இனித் தேன். ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டுத் தேன் ஒரு போத்தல் வைத்திருக்கிறேன். அது உனக்கும் மருமகனுக்கும் பெரியவனுக்கும். சின்னவளுக்கு ஒரு வயது முடியும்வரை ஒரு துளிகூட நாவில் தொட்டு வைக்காதே. நீ பிறந்தபோது அம்மம்மா உன் நாவில் சேனை தொட்டு வைத்தா, அதில் தேன்தான் இருந்தது. நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். தேனில் ஒருவகைக் கிருமியின் வித்து இருக்கலாம், பெரியவர்களின் குடல் அதைத் தாங்கும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடல் தாங்காது என்று இங்கே மருத்துவமாது விளக்கமாகச் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. விருந்துக்கு வருகிற பெரியவர்கள் ஆசையில் விரலை நீட்டுவார்கள். நீ தாய், மரியாதையாக மறுத்துவிடு. அதேபோலக் குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதே. நான் உனக்கு விட்டேன். அது தப்பென்று இப்போது அறிகிறேன். மூக்கில் விடும் எண்ணெய் நெஞ்சுக்குள் இறங்கிச் சளிக்காய்ச்சலில் கொண்டுபோய் விட்டுவிடும்.

உன் முகத்தைக் காணொலியில் பார்த்தேன். கன்னம் வெடித்துக் கிடக்கிறது. வீட்டுக்குள் ஓடும் சூடாக்கி காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது, நீயோ கொதிக்கக் கொதிக்கக் குளிக்கிறாய். இளஞ்சூட்டில் சுருக்கமாகக் குளி. துவாயால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காயுமுன்னே எண்ணெயையோ களிம்பையோ பூசு. காய்ந்த தோலில் எவ்வளவு பூசினாலும் பயன் குறைவு. தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்கிறது, பழுதாகிவிட்டதா என்று கேட்டாய். இல்லை. இருபத்து நான்கு பாகைக்குக் கீழே போனால் அது உறையும். போத்தலைச் சுடுநீரில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகிவிடும்.

முடி கொட்டுவதை நினைத்து நித்திரையைக் கெடுக்காதே. பிள்ளை பெற்று மூன்று மாதமளவில் கொட்டத் தொடங்கி, ஒரு வருடமளவில் பெரும்பாலும் தானாகவே சரியாகும். எனக்கும் கொட்டியது, சீப்பைப் பார்த்து நானும் பயந்தேன். கிழமைக்கு ஒருநாள் நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கித் தலையில் தேய்த்து அரை மணி நேரம் இரு. செவ்வரத்தை இலைக்கு அங்கே நீ எங்கே போவாய்? இரவு ஊறவைத்த வெந்தயத்தைத் தயிரோடு அரைத்துப் பூசி முழுகு. பகலில் முழுகி, முடி காய்ந்த பிறகு வெளியே போ. முழுகியபின் குளியலறைத் தரையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவு, எண்ணெய் வழுக்கிப் பெரியவன் விழுந்துவிடுவான்.

விடுமுறையில் பெரியவன் கைத்தொலைபேசியை விடுகிறான் இல்லை என்று கவலைப்பட்டாய். பறிக்காதே, கைக்கு வேறு வேலை கொடு. பயற்றில் கல் பொறுக்கட்டும். ஏலக்காய் உரிக்கட்டும். விருந்தினருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். படுக்கும் நேரத்தை மட்டும் விடுமுறை என்று தளர்த்தாதே, நித்திரை குழம்பிய பிள்ளை அடுத்த நாள் முழுக்க அழும். இங்கே திருவெம்பாவை தொடங்கியதும் விடியப்புறம் சங்கும் சேமக்கலமும் கேட்கும். நீ போர்வையோடு படலையடிக்கு ஓடுவாய், நினைவிருக்கிறதா? அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்புகிறேன், அவனுக்குப் போட்டுக் காட்டு.

இனிப் பொங்கலைப் பற்றிச் சொல்கிறேன். நம் வயலில் காலபோக நெல் இன்னும் பச்சையாக நிற்கிறது, அதனால் போன போகத்துச் சிவப்புப் பச்சையரிசி வைத்திருக்கிறேன். ஒரு சுண்டு அரிசிக்குக் கால் சுண்டு வறுத்த பயறு, முக்கால் சுண்டு சர்க்கரை. அரிசி நன்றாகக் குழைந்த பிறகே சர்க்கரை போடு. முன்னே போட்டால் பிறகு எவ்வளவு எரித்தாலும் அரிசி விறைத்தே நிற்கும். சர்க்கரை போடுவதற்கு முன் இரண்டு அகப்பை எடுத்து மசித்து ஆறவைத்தால் அது சின்னவளின் பொங்கல். கயூப் பருப்பையும் முந்திரிகை வற்றல் என்கிற உலர்திராட்சையையும் பெரியவனுக்கும் முழுதாகக் கொடுக்காதே, ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தொண்டையில் அடைக்கும். இடித்தும் நறுக்கியும் போடு.

முற்றமும் மூன்று கல்லும் இல்லையே என்று நீ கவலைப்படுவது எனக்குத் தெரியும். மகள், 2009 தைப்பொங்கல் அன்று நாங்கள் எங்கே இருந்தோம்? கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு, உடையார்கட்டில் ஒரு மரத்தின் கீழே தறப்பாளுக்குள் இருந்தோம். சர்க்கரை இல்லை, பயறு இல்லை. பால்மா ரின்னில் நிவாரண அரிசி பொங்கியது. பொங்கத்தான் வேண்டுமா என்று நான் சினந்தேன். அம்மம்மா ஒன்றும் பேசாமல் உன்னைக் கூப்பிட்டு, உன் கையால் மூன்று முறை அரிசி போடச் சொன்னா. உனக்கு அப்போது பதினொரு வயது. அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி நீ இன்றுவரை வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் "நான்தான் அரிசி போட்டேன்" என்பதை மட்டும் எத்தனை முறை சொல்லியிருக்கிறாய்! நீ பத்துப் பலகாரம் சுட்டு மேசை நிறைய அடுக்கினாலும் உன் மகன் மறந்துவிடுவான். தன் கையால் போட்ட அரிசியை மறக்க மாட்டான்.

அதனால் மின்னடுப்பிலேயே பொங்கு. சிறிய பானை எடுத்து, தண்ணீரும் தேங்காய்ப்பாலுமாகக் கழுத்துவரை நிரப்பு, அப்போதுதான் பொங்கி வழியும். அடுப்பு சூடேறும் முன்பே அவனைக் கதிரையில் ஏற்றி, நீ இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க, பானையை மூன்று முறை சுற்றி ஒரு கோப்பையில் அரிசி போடச் சொல். பால் பொங்கியதும் அந்த அரிசியை நீ பானையில் இடு. கொதிக்கும் பானைக்கு மேலே பிள்ளையின் கை போகக் கூடாது.

பொதியில் உள்ளவை: பயற்றம் மா, பச்சையரிசி, பனங்கட்டி, நல்லெண்ணெய், தேன், அப்பா வெயில் கண்ட நேரமெல்லாம் காயவைத்த மோர்மிளகாய். தேன் போத்தலின் மூடியை மெழுகால் அடைத்திருக்கிறேன், நிமிர்த்தி வைத்துத் திற.

பொங்கலன்று உனக்குக் காலை ஏழு என்றால் எனக்கு மாலை ஐந்தரை. இங்கே எல்லாம் முடிந்திருக்கும், தொலைபேசியைக் கையிலேயே வைத்திருப்பேன். பால் பொங்கும் முன்பு அழை, பேரன் அரிசி போடுவதை அப்பாவும் பார்க்க வேண்டுமாம்.

அன்புடன்,
அம்மா