செவ்வாய்க்கிழமை யார் டியூட்டி?

லனெல்லி, வேல்ஸ்
29.10.1972, ஞாயிறு

அன்புள்ள ராசன்,

வசவுகளை முதலில் முடித்துவிடு, நான் காத்திருக்கிறேன். முடிந்ததா? சரி.

ஏப்ரலில் வந்த உன் கடிதத்துக்கு ஒக்டோபர் முடியும்போது பதில் எழுதுகிறேன். வேலை அதிகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நேற்றிரவு இந்த நாட்டில் எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணிநேரம் பின்னுக்குத் தள்ளினார்கள், குளிர்காலம் வருகிறதாம். எனக்கு இரவு டியூட்டி. ஆகவே இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும் இரண்டு தடவை வேலை செய்தேன், சம்பளம் ஒரு தடவைக்குத்தான். இரண்டாம் தடவை வார்டு முழுக்க நல்ல உறக்கம். உனக்கு எழுதாமலிருக்க ஒரு சாட்டும் மிச்சமில்லை. அப்போது தொடங்கியதைத்தான் இப்போது அறையில் இருந்து முடிக்கிறேன்.

அம்மாவின் முழங்கால் எப்படி? அக்காவுக்குச் சுகம் சொல்லு. மிளகாய்த்தூள் பத்திரமாக வந்து சேர்ந்தது. கட்டையனுக்குக் கலியாணமாமே, அந்தப் பெண்பிள்ளைக்கு அவனுடைய குறட்டையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையா? பாவம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாளை மறுநாள், செவ்வாய்க்கிழமை, நியூசிலாந்தின் ஓல் பிளாக்ஸ் அணி எங்கள் ஊருக்கு றக்பி விளையாட வருகிறார்கள்.

எங்கள் ஊர் என்று எழுதிவிட்டேன், பார்த்தாயா. மூன்று வருடமாக உனக்கு இந்த ஊரின் மழையைப் பற்றி மட்டுமே எழுதிய நான்தான்.

நீ வரைபடத்தில் தேடுவாய் என்று தெரியும். சுவான்சீக்கு மேற்கே, கடலோரம். தகரத் தகடு செய்கிற ஊர். 1935-இல் இங்கே பக்கத்துக் கிராமமான ஃபெலின்வோயலில் பியரைத் தகர டின்னில் அடைத்து விற்கத் தொடங்கினார்கள், இந்த நாட்டில் முதல் தடவையாக. தகரம் விற்கவேண்டும், பியரும் குடிக்கவேண்டும், இரண்டும் ஒன்றாக முடிந்தது. பெயரை மட்டும் நீ எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுச் சரியென்று நினைக்காதே. முதலில் வருவது 'ல' இல்லை. 'ல' சொல்ல நாக்கை எங்கே வைப்பாயோ அங்கேயே வைத்துக்கொண்டு, குரல் கொடுக்காமல், நாக்கின் இரண்டு பக்கத்தாலும் காற்றை ஊது. கோபம் வந்த பூனை மாதிரி ஒரு சத்தம் வரும். அதுதான். எனக்கு அது வர எட்டு மாதமாயிற்று. பழிக்குப் பழியாக வார்டில் எல்லோருக்கும் 'ழ' சொல்லிக்கொடுத்தேன். ஒரு தாதியைத் தவிர ஒருவருக்கும் வரவில்லை. வாழைப்பழம் என்று அவள் சொல்வதை நம்முடைய தமிழ் மாஸ்டர் கேட்டிருந்தால் கட்டையனைப் பிரம்பால் அடித்ததற்காக வெட்கப்பட்டிருப்பார்.

ஓல் பிளாக்ஸுக்கு வருவோம். சுவான்சீ 1935-இல் அவர்களை வென்றது. கார்டிஃப் 1953-இல் வென்றது. நியூபோர்ட் 1963-இல் ஒரேயொரு ட்ரொப் கோலில், 3க்கு 0 என்று வென்றது. இங்கிருந்து ரயிலேறினால் சுற்றிவரவுள்ள ஒவ்வொரு ஊரிலும் இந்தப் பெருமையைச் சொல்லியே உயிரை எடுப்பார்கள். லனெல்லி மட்டும் ஒருமுறைகூட வென்றதில்லை. இவர்களிடம் இருப்பது 1908-இல் அவுஸ்திரேலியாவை வென்ற கதை. அறுபத்து நாலு வருடப் பழைய கதை! அதை ஒரு பாட்டுக்குள் வைத்துப் பாடுகிறார்கள். பாட்டு உண்மையில் அடுப்பில் கொதிக்கும் ஒரு சின்னச் சட்டியைப் பற்றியது. மைதானத்தின் கோல் கம்பங்களின் உச்சியிலும் சிவப்புச் சட்டிகளை மாட்டிவைத்திருக்கிறார்கள். முதல் நாள் பார்த்தபோது யாரோ சமையற்காரன் கோபித்துக்கொண்டு எறிந்த சட்டி என்றுதான் நினைத்தேன்.

எதிரே வருகிறவர்களை உனக்குச் சொல்லத் தேவையில்லை. நேற்று க்ளொஸ்டரில் இந்த நாட்டில் தங்கள் முதல் ஆட்டத்தை ஆடி எதிரணியை நொறுக்கிவிட்டார்கள். இரண்டாவது ஆட்டம் இங்கே. அதைவிட, அவர்களுக்கு இந்த ஊரில் தீர்க்கவேண்டிய ஒரு கணக்கும் இருக்கிறது. போன வருடம் பிரிட்டன், அயர்லாந்து ஆட்கள் சேர்ந்த லயன்ஸ் அணி நியூசிலாந்துக்கே போய்த் தொடரை வென்றுவந்ததே, ஞாபகமா? டனீடினில் 9க்கு 3 என்று முதல் டெஸ்டை வென்ற செய்தியைக் கேட்டுவிட்டு நீ எனக்கு எழுதியிருந்தாய், 'வானொலிக்காரன் தலைகீழாக வாசித்துவிட்டான்' என்று. அந்த அணியின் பயிற்சியாளர் கார்வின் ஜேம்ஸ்தான் லனெல்லியின் பயிற்சியாளரும். அந்த மனிதனைப் பழிவாங்காமல் அவர்கள் கப்பலேறமாட்டார்கள்.

நம் ஆட்கள் யார் தெரியுமா? தலைவர் டெல்மி தோமஸ், மூன்று தடவை லயன்ஸோடு போனவர், மின்சாரசபையில் கம்பி இழுக்கிற வேலை. சம்பளம் வாங்கி விளையாடுகிறவன் ஒருவனும் இல்லை. வேலை முடிந்து, சேற்றில் பயிற்சி, பிறகு வீடு, காலையில் மறுபடியும் வேலை. ஃபில் பெனெட் என்றொரு பெடியன், அந்த ஃபெலின்வோயல்காரன், போன வாரந்தான் இருபத்து நாலு வயது. சின்ன உருவம், ஆனால் இடுப்பை ஒரு நெளிப்பு நெளித்தால் எதிரே நிற்கிறவன் வேறு ஊரில் நிற்பான். பரி ஜோன் இருபத்தேழு வயதில் விளையாட்டை விட்டுவிட்டானே, அவனுடைய இடத்தில் வேல்ஸுக்கு இனி இவன்தான் என்கிறார்கள். ஓரத்தில் ஜே. ஜே. வில்லியம்ஸ், முன்பு ஓட்டப் பந்தய வீரன். ரே கிராவெல் என்றொரு முரட்டுப் பெடியன் நடுவில். பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் நிலத்தில் வைக்கிற ட்ரைக்குப் போன வருடத்திலிருந்து 4 புள்ளி என்பது உனக்குத் தெரிந்திருக்கும். நாம் விளையாடிய காலத்தில் அது 3-ஆக இருந்தது நல்லது. இல்லாவிட்டால் அந்த பொகம்பறைச் சனிக்கிழமையில் நமக்கெதிராக இன்னும் எத்தனை ஏறியிருக்கும், கணக்குப் பார். (பார்க்காதே.)

கார்வின் ஜேம்ஸைப் பற்றி ஒரு பக்கம் எழுதாமல் என்னால் விடமுடியாது. சுரங்கத் தொழிலாளியின் மகன். வெல்ஷ் இலக்கியம் படிப்பிக்கிற வாத்தியார். ஓயாமல் சிகரெட். 1970 தேர்தலில் இதே தொகுதியில் வெல்ஷ் தேசியக் கட்சிக்காக நின்று தோற்றார். அதே வருடம் ஜனவரியில் தென்னாபிரிக்க அணி இங்கே விளையாட வந்தது, நிறவெறி அரசாங்கத்தின் அணி. இவர் என்ன செய்தார் தெரியுமா? பெடியளை முழுதாகத் தயார்படுத்தினார், உடைமாற்றும் அறையில் கடைசி வார்த்தையும் சொன்னார். அவர்கள் மைதானத்துக்குப் போனதும் அறையிலேயே இருந்துவிட்டார். ஆட்டத்தைப் பார்க்கவில்லை. 10க்கு 9, ஒரு புள்ளியால் தோற்றார்கள். வெளியே அந்தச் சத்தமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க, ஒரு வாங்கில் தனியாக இருந்த மனிதனை நான் பல இரவு நினைத்திருக்கிறேன். சிலர் அது அரைகுறை எதிர்ப்பு என்கிறார்கள், பயிற்சி கொடுத்துவிட்டுப் பார்க்காமலிருந்தால் என்ன பயன் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அணியையும் கைவிடவில்லை, கண்ணையும் கொடுக்கவில்லை.

இப்போது என்னுடைய பிரச்சினை. செவ்வாய்க்கிழமை ஆட்டம் பிற்பகலில். அன்றைக்கு ஊரில் வேலை செய்யப்போகிறவன் யார் என்றே தெரியவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் இந்த ஒரு வாரத்தில் மட்டும் ஐந்து பாட்டிமார் செத்துவிட்டார்கள், எல்லோருக்கும் செவ்வாய்க்கிழமைதான் அடக்கம். ஒரு காவலாளிக்கு அதே பாட்டி 1963-இலும் செத்ததாகக் கேள்வி. இது தெரியாமல் நான் என்ன செய்தேன்? மூன்று வாரத்துக்கு முன் ஒரு டொக்டர் வந்து, 'உனக்கு இதெல்லாம் அக்கறையில்லைதானே, என் டியூட்டியை எடுத்துக்கொள்' என்றான். சரி என்றேன். அடுத்த நாள் இன்னொருவன். அவனுக்கும் சரி. பத்துக் கட்டில் பார்க்கவேண்டியவன் இப்போது முப்பது கட்டிலுக்குத் தனி ராசா.

அக்கறையில்லைதானே என்று கேட்டபோது எனக்கு ஏன் வாய் வரவில்லை என்று இப்போதும் யோசிக்கிறேன். கண்டியில் மழைக்குள் ஸ்க்ரமில் உன் காது கிழிந்து இரத்தம் வந்த கதையை ஒருவனுக்கும் இங்கே சொன்னதில்லை. கேட்கவுமில்லை ஒருவரும். வெளியூர்க்காரனுக்கு றக்பி தெரியாது என்று அவர்களுக்கு முடிவு, அந்த முடிவை மாற்றுவதற்கு எனக்குப் பஞ்சி.

கண்டுபிடித்தவர் பத்தாம் கட்டில்காரர். எழுபத்திரண்டு வயது, தகர ஆலையில் வேலை செய்து ஓய்வானவர், குடலிறக்கம். செவ்வாய்க்கிழமை சத்திரசிகிச்சை என்றதும் எழுந்து உட்கார்ந்து, 'புதன்கிழமை வெட்டு, அல்லது வெட்டாதே' என்றார். வெட்டும் பெரிய டொக்டருக்கு உள்ளூர மகிழ்ச்சி என்று நினைக்கிறேன், மறுபேச்சில்லாமல் புதனுக்கு மாற்றினார். 1908-இல் எட்டு வயதில் அப்பாவின் தோளில் இருந்து பார்த்தாராம். அதற்குப் பிறகு நியூசிலாந்திடம் தோற்ற எல்லா ஆட்டத்தையும் பார்த்திருக்கிறார். போன வியாழன் அவருடைய கட்டிலடியில் நின்று நான் பேப்பரை வாசித்தபோது, வாய்தவறி, 'லைன் அவுட்டில் பந்தைப் பிடிக்காவிட்டால் செத்தோம்' என்றேன். கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். 'எங்கே விளையாடினாய்?' என்றார். அவ்வளவுதான் மச்சான், காவல் நிலையத்தில் பிடிபட்ட கள்ளன் மாதிரி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். உன் காது உட்பட.

அவர்தான் இன்னொரு கதையும் சொன்னார். பக்கத்தில் லாங்கெனெக் என்றொரு கிராமம். அங்கே பீஸ்லி என்ற தம்பதி, கணவன் சுரங்கத் தொழிலாளி. 1952-இல் வீட்டு வரிப் பத்திரம் ஆங்கிலத்தில் மட்டும் வருகிறது, வெல்ஷில் அனுப்பினால்தான் கட்டுவோம் என்றார்கள். எட்டு வருடம். பதினாறு தடவை நீதிமன்றம். தளபாடங்களை ஏற்றிக்கொண்டுபோனார்கள், கதிரை, மேசை, பியானோ. 1960-இல் வெல்ஷிலும் ஒரு பத்திரம் வந்தது. கட்டினார்கள். 'ஒரு துண்டுக் கடதாசிக்காக' என்று சொல்லிவிட்டுக் கிழவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மே மாதம் கொழும்பில் எழுதி முடித்த புதிய அரசியலமைப்பை நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் எந்த மொழி இருக்கிறது, எது இல்லை என்று உனக்கு நான் எழுதத் தேவையில்லை.

ராசன், இனித் தள்ளிப்போடமுடியாது. நீ ஏப்ரலில் தம்பியைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதற்குத்தான் ஆறு மாதம் பதில் எழுதவில்லை. அவன் பல்கலைக்கழக அனுமதிப் பரீட்சையில் 241 புள்ளி எடுத்தான். மருத்துவத்துக்குத் தமிழில் எழுதிய பிள்ளைக்கு 250 வேண்டும், சிங்களத்தில் எழுதிய பிள்ளைக்கு 229 போதும். இந்த இரண்டு எண்களையும் நான் எத்தனை தடவை கடதாசியில் எழுதிப்பார்த்தேன் தெரியுமா? செவ்வாய்க்கிழமை இந்த ஊர் பெடியள் தோற்கத்தான் போகிறார்கள் என்று எல்லாப் பேப்பரும் எழுதுகிறது. தோற்கட்டும். ஆனால் கறுப்புச் சட்டைக்காரன் ட்ரை வைத்தாலும் 4, சிவப்புச் சட்டைக்காரன் வைத்தாலும் 4. தம்பியிடம் நான் என்ன சொல்வது, இன்னும் நன்றாக ஓடு என்றா? அவனுக்குச் சைக்கிள் பழக்கியவன் நான். 'விழாமல் ஓடினால் டொக்டராகலாம்' என்று அன்றைக்குச் சொன்னவனும் நான்தான்.

இங்கே வரவழைக்க வழியுண்டா என்று கேட்டாய். மருத்துவக் கல்லூரிக்கு என் சம்பளம் காணாது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிக்கு ஆண்பிள்ளைகளையும் எடுக்கிறார்கள், படிக்கும்போதே சம்பளம். வெள்ளிக்கிழமை விண்ணப்பத்தாள் வாங்கிவிட்டேன், இதோடு வைத்திருக்கிறேன். அவனுக்கு இது அவமானமாகத் தெரியலாம். உனக்கும். கோபம் வந்தால் என்மேல் காட்டு, தாளைக் கிழிக்காதே. அவனே பார்த்து முடிவெடுக்கட்டும்.

திங்கள் இரவு

தபாலில் போடாமல் வைத்திருந்தேன், ஒரு செய்தி சேர்க்க. டியூட்டி மாறவில்லை. கேட்டேன், இந்தத் தடவை வாய்விட்டே கேட்டேன், நானும் போகவேண்டும் என்று. வார்டு சிஸ்டர் ஒரு நிமிடம் பேசவில்லை. 'நீயுமா' என்றார். பிறகு பட்டியலைக் காட்டினார். உண்மையிலேயே ஒருவரும் இல்லை. தன்னுடைய டிக்கட்டைத் தன் மகனுக்குக் கொடுத்துவிட்டாராம், அவரும் வார்டில்தான்.

மைதானம் ஊரின் மேற்குக் கோடியில் இருக்கிறது. காற்று கடலிலிருந்து அடித்தால் சத்தம் இங்கே வரும் என்கிறார் பத்தாம் கட்டில்காரர். ட்ரான்சிஸ்டர் ஒன்று இருக்கிறது, ஆனால் அதை அவர் நம்பவில்லை. ஜன்னலைத் திறந்துவைக்க வார்டு முழுக்க ஒத்துக்கொண்டாயிற்று, ஆளுக்கு இன்னொரு கம்பளி தரவேண்டுமாம். மாலை முழுக்க எனக்குப் பாடம் நடந்தது. பெனல்டி போனால் சத்தம் சட்டென்று எழுந்து சட்டென்று விழுமாம். எதிரணி போட்டால் சத்தமே வராது, யாரோ கதவைச் சாத்தியது மாதிரி இருக்குமாம். ட்ரை என்றால் முதலில் ஒரு இழுவை, ஓடுகிறவன் கூடவே ஓடுகிற மாதிரி, பிறகுதான் வெடிக்குமாம். 'அதுக்குப் பிறகு பாட்டு வந்தால்,' என்றார், 'நீ ஜன்னலைச் சாத்தலாம், எனக்கு மிச்சம் தெரியும்.'

இப்போதே காற்று மேற்கிலிருந்துதான் அடிக்கிறது. விண்ணப்பத்தாளின் மூன்றாம் பக்கத்தில் தம்பி கையெழுத்திட மறக்கவேண்டாம்.

உன்
சிவா