சேறு இடது பக்கத்துக்கு மட்டும்தானா?

எங்களுக்கு டிராக்டர் விற்ற கம்பெனியின் சர்வீஸ் பிரிவுக்கும், அங்கே உட்கார்ந்து வாரண்டி மனுக்களைத் தள்ளுபடி செய்யும் அதிகாரிக்கும் வணக்கம்.

கம்பெனி பெயரையும் டீலர் பெயரையும் இங்கே எழுதவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும், சேஸிஸ் நம்பரோடு நான் அனுப்பிய மூன்று மெயிலும் உங்களிடம் இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: ஆயில் சீல் (ஆயில் வெளியே கசியாமல் தடுக்கிற ரப்பர் வளையம்) தேய்மானப் பொருள், சேற்று உழவில் ஏற்பட்ட பாதிப்பு, வாரண்டியில் வராது. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

2023 தை மாதம் வண்டி எடுத்தேன். ஏழரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே, பாதி பேங்க் கடன், மீதி வீட்டு நகை. பிள்ளையார்பட்டியில் பூஜை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிக் கொண்டுவந்தேன். முதல் சர்வீஸ் 50 மணி நேரத்தில், அப்புறம் உங்கள் புத்தகம் சொன்ன கணக்குப்படி மற்றவை, எல்லாமே உங்கள் டீலரிடம்தான், உங்கள் ஆயில்தான். கூப்பன் ஒன்றுகூட விடுபடவில்லை.

2024 ஐப்பசியில், மீட்டர் 312 மணி காட்டியபோது, இடது பின்சக்கரத்தின் உள்பக்கம் பளபளவென்று இருந்தது. கை வைத்துப் பார்த்தால் ஆயில். கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில் என்று சந்தேகப்படலாம், இது தேன் நிறத்தில் இருந்தது, கியர்பாக்ஸ் ஆயில். ஆக்ஸில் சீல் வழியாகக் கசிந்து இறங்கி ரிம்மில் வழிந்திருக்கிறது. இந்த வண்டியில் கியருக்கும் பின்பக்க பிரேக்குக்கும் லிஃப்டுக்கும் ஒரே ஆயில்தான், அது குறைந்தால் மூன்றுக்கும் கேடு என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டீலரிடம் கொண்டுபோனேன். "இடது ஆக்ஸிலில் ஆயில் லீக்" என்று சொன்னேன், மேனேஜர் தலையை ஆட்டினார், வேலைச் சீட்டான ஜாப் கார்டில் எழுதியது "ஜெனரல் செக்கப், ஆயில் டாப்-அப்". நான் கையெழுத்துப் போட்டேன். அது என் தப்புதான், இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்காமல் போட்ட கையெழுத்து. பத்து நாள் கழித்து மறுபடியும் கசிந்தபோது சீலை மாற்றினார்கள், அதற்குக் காசு வாங்கவில்லை. 2025 தையில் மூன்றாவது முறை கசிந்தது. இந்தத் தடவை சீலும் கூலியும் சேர்த்து 3,800 ரூபாய் பில். "அண்ணே, நீங்க கேஜ் வீல் மாட்டித் தொளி அடிச்சிருக்கீங்க, சேறு போய் சீலைத் தின்னுருக்கு, கம்பெனி ஒத்துக்காது" என்றார் மேனேஜர். ஆடியில் நாலாவது முறை. அதற்கு வந்ததுதான் உங்கள் மெயில்.

சரி, தொளி அடித்தேன், அதாவது தண்ணீர் கட்டிய வயலில் சேற்றைக் கலக்கி உழுதேன். நெல் போடுகிறவன் தொளி அடிக்காமல் வேறு என்ன செய்வான்? சேற்றில் புதையாமல் இருக்க மாட்டுகிற இரும்புக் கூண்டுச் சக்கரம்தான் கேஜ் வீல், அதை எனக்கு விற்றதே உங்கள் டீலர்தான், அந்த பில்லும் வைத்திருக்கிறேன். உங்கள் ஷோரூம் பேனரில் சேற்றுக்கு நடுவில் நிற்கிற வண்டியின் படம்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். மத்தியப் பிரதேசம் புத்னியில் மத்திய அரசின் டிராக்டர் சோதனை நிலையம் இருக்கிறது. அங்கே வண்டியைச் சேற்று வயலில் கேஜ் வீலோடு ஓட்டிப் பார்த்துவிட்டு, சேறோ தண்ணீரோ உள்ளே புகுந்திருக்கிறதா என்று பாகங்களைத் திறந்து பார்க்கிறார்கள். சேற்று உழவு டிராக்டருக்கு வழக்கமான வேலை என்று அரசாங்கமே நினைப்பதால்தான் அப்படி ஒரு சோதனை. வண்டியை விற்கிறபோது சேற்றுக்கு ஏற்றது, வாரண்டி கேட்கிறபோது சேறு ஆகாது என்றால் எப்படி?

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் இன்றுவரை பதில் இல்லை. வலது பக்கச் சீல் முதல் நாள் போட்ட அதே சீல். அதில் ஒரு சொட்டுக்கூடக் கசிவு இல்லை. இரண்டு சக்கரமும் ஒரே வயலில், ஒரே கண்மாய்த் தண்ணீரில், ஒரே சேற்றில்தான் சுற்றின. சேறுதான் சீலைத் தின்றது என்றால் இடது பக்கம் மூன்று சீலைத் தின்றுவிட்டு வலது பக்கத்தை ஏன் விட்டுவைத்தது?

எங்கள் ஊர் மெக்கானிக், நாற்பது வருஷமாக டிராக்டரோடு கிடக்கிறவர், வண்டியைத் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். இடது பக்கம் லேசாக ஆட்டம் இருக்கிறது, வலது பக்கம் இல்லை. காற்றுப் போக்கியான பிரீதர் அடைத்து உள்ளே அழுத்தம் ஏறினாலும் சீல் வழியாக ஆயில் தள்ளும் என்று அதையும் கழற்றி ஊதினார், சுத்தமாகத்தான் இருந்தது. "பேரிங்கிலயோ ஷாஃப்டுலயோ ஆட்டம் இருந்தா நீ தங்கத்துல சீல் போட்டாலும் நிக்காதுப்பா" என்றார். இதை நான் மூன்றாவது மெயிலில் எழுதினேன். உங்கள் பதிலில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. சக்கரத்தைச் சுமந்து சுற்றுகிற அந்த ஷாஃப்டை யாரும் அளக்கவே இல்லை. அளக்காமலேயே சேறு என்று முடிவு செய்வது டீலருக்கு வசதி, சீல் என்றால் தேய்மானப் பொருள், ஷாஃப்டும் பேரிங்கும் என்றால் கம்பெனி பொறுப்பு.

வீட்டு நிலவரமும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு முகப்பில் ஆத்தங்குடிக் கல். அதைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் மினுங்கும், அப்பத்தா வாரம் ஒருமுறை செய்வார். வாசலில் வண்டி நிற்கிற இடத்தைப் பார்த்துவிட்டு, "ஏழு லட்சம் குடுத்து எண்ணெய் தொட்டுத் துடைக்க ஆள் வச்சிருக்கான் பேரன்" என்று தெருவுக்கே சொல்லிக்கொண்டிருக்கிறார். உங்களிடம் வாங்கிய பேச்சைவிட இதுதான் கடுப்பு.

நான் வாடகைக்கும் உழுவதால் இது வியாபார உபயோகம், நுகர்வோர் சட்டம் எனக்குப் பொருந்தாது என்று உங்கள் ஏரியா ஆள் போனில் சொன்னார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்தத் தானே பயன்படுத்துகிற பொருள் வியாபார உபயோகத்தில் சேராது என்று விளக்கமாகவே எழுதியிருக்கிறது. வண்டி ஓட்டுவது நான், வேறு டிரைவர் கிடையாது. வழக்குப் போட உங்கள் தலைமை அலுவலகம் இருக்கிற ஊருக்கு வர வேண்டியதும் இல்லை, நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே, சிவகங்கையிலேயே போடலாம். ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய். இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. பொருளைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லவும் நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. மிரட்டலுக்காக எழுதவில்லை, ஷாஃப்டை நீங்கள் அளக்காவிட்டால் ஆணையம் சொல்லி வேறு யாராவது அளப்பார்கள் என்பதற்காக எழுதுகிறேன்.

நான் கேட்பது புது வண்டி இல்லை. இடது பக்கம், வலது பக்கம் இரண்டையும் என் கண் முன்னால் பிரித்து, ஷாஃப்டையும் பேரிங்கையும் அளந்து, அளவைத் தாளில் எழுதிக் கொடுங்கள். ஷாஃப்ட் சரியாக இருந்து, பேரிங்கும் சரியாக இருந்தால் 3,800 ரூபாயைப் பற்றி நான் பேச மாட்டேன், பிரித்த கூலியையும் நானே தருகிறேன். இல்லையென்றால் அந்த பாகத்தை மாற்றிவிட்டு, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஜாப் கார்டில் இனி நான் சொல்கிற குறையை நான் சொன்ன வார்த்தையிலேயே, தமிழிலேயே எழுதச் சொல்லி டீலருக்கு உத்தரவு போடுங்கள், இது எனக்காக மட்டும் கேட்பதில்லை. சேற்று உழவுக்கு வாரண்டி கிடையாது என்பதுதான் கம்பெனி முடிவு என்றால், செப்டம்பர் 22-லிருந்து ஜிஎஸ்டி 12 சதவீதம் 5 ஆகிவிட்டது என்று ஷோரூமில் கட்டியிருக்கிறீர்களே ஒரு பேனர், அதற்குப் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் இதையும் கட்டுங்கள்.

புரட்டாசி பிறந்துவிட்டது. ஐப்பசி மழையில் கண்மாயில் தண்ணீர் ஏறினால் எனக்கு ஒரு நாளும் நிற்க முடியாது, போன வருஷம் வண்டி மூன்று நாள் டீலரிடம் நின்றபோது அடுத்தவர் வண்டிக்கு மணிக்கு 1,200 கொடுத்து உழுதேன். அதனால் இந்த மாதத்துக்குள் ஆள் அனுப்புங்கள். வருகிறவர் ஷாஃப்ட் ஆட்டம் பார்க்கிற டயல் கேஜ் கொண்டுவரட்டும், ஜாக்கியும் கட்டையும் எங்களிடம் இருக்கின்றன.