குப்ளாய் கானின் கோடை ஊர்

அன்புள்ள குமரா,

இத்தனை நாள் பதில் போடாததற்கு எப்படி வேண்டுமானாலும் திட்டிக்கொள். மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மாப்பிள்ளை பார்த்திருக்கும் அடுக்குமாடிக்கு 'ஸனாடு' என்று பெயர், ஏதோ கிரேக்க அரண்மனையாக இருக்கும் என்று எழுதியிருந்தாய். உனக்கு வரலாற்றில் பாஸ் போட்ட புண்ணியவான் யாரடா?

அது பெய்ஜிங்குக்கு வடக்கே, உள் மங்கோலியப் புல்வெளியில் இருந்த ஷாங்டு. 1256-இல், பின்னால் சீனாவையே ஆண்ட மங்கோலியன் குப்ளாய் கானுக்காகக் கட்டத் தொடங்கியது. தலைநகர் இன்றைய பெய்ஜிங் இருக்கும் இடத்துக்குப் போனபின், வெள்ளைக்காரத் துரைகளுக்கு ஊட்டி மாதிரி, அவனுக்குக் கோடைக்கு மட்டும் இந்த ஊர். மார்க்கோ போலோ அங்கே பளிங்கு அரண்மனை இருந்ததாகச் சொல்கிறார். அது கிடக்கட்டும். தோட்டத்துக்குள் மூங்கிலாலேயே இன்னொன்று இருந்ததாம். பருத்த மூங்கிலைக் கணுவுக்குக் கணு அறுத்து, நெடுக்கே பிளந்தால் ஒவ்வொரு துண்டிலும் இரண்டு ஓடு. அதை வைத்துக் கூரை வேய்ந்து, காற்றுக்குப் பறக்காமல் ஆணி அடித்து, 200-க்கு மேற்பட்ட பட்டுக் கயிறுகளால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். வேண்டும்போது மொத்தத்தையும் கழற்றிவிடலாம்! அவ்வளவு பெரிய ராஜ்யத்தை ஆண்டவனுக்கும் கூடாரக்காரன் புத்தி போகவில்லை பார். அங்கேதான் எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

1358-இல் கலகக்காரர்கள் ஊரைக் கொளுத்தினார்கள். பத்து வருஷத்தில் சீனாவும் கைவிட்டுப் போக, கடைசிச் சக்கரவர்த்தி தோகோன் தெமூர் வடக்கே ஓடினான். அவன் பாடியதாக மங்கோலிய வரலாற்று நூல்களில் ஒரு புலம்பல் இருக்கிறது. ஷாங்டுவை எண்ணும்போது அவன் ஏங்குவது அதன் குளிர்ச்சிக்கு. படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை, குமரா.

அப்புறம் 'ஸனாடு' எப்படி ஆடம்பரத்துக்குப் பெயராயிற்று என்கிறாயா? எல்லாம் கோலரிட்ஜ் பண்ணிய வேலை. அந்தத் திசைக்கே போகாத ஆங்கிலக் கவி. பழைய பயண நூலொன்றைப் படித்தபடியே அபின் மயக்கத்தில் தூங்கி, கனவில் வந்ததை எழுதினாராம். நடுவில் யாரோ வேலையாக வந்து கதவைத் தட்ட, மீதி மறந்தேபோயிற்றாம். (நம் சேஷு அப்போதே பிறந்திருக்கிறான்!) 1816-இல் அச்சான அந்த 54 வரிதான் ஊர் பெயரை உலகமெங்கும் கொண்டுபோயிற்று. 1941-இல் 'சிட்டிசன் கேன்' படத்தில் கோடீஸ்வரன் மாளிகைக்கு அதே பெயர். பில் கேட்ஸ் வீட்டையும் பத்திரிகைக்காரர்கள் அப்படித்தான் செல்லமாகச் சொன்னார்கள்.

2012-இல் அந்த இடத்தை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இடிந்த மதிலும் அடித்தளங்களும், சுற்றிலும் புல்லும். எனக்கு ஒருமுறை போய்ப் பார்க்க ஆசை. உன் பாஸ்போர்ட் உயிரோடு இருக்கிறதா? சேஷு காதில் மட்டும் போட்டுவிடாதே.

அன்புடன்,
ரகு