பல்கலைக்கழகங்கள் ஏன் வாய் திறப்பதில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘வெந்நீர் ஊற்றில் வாழும் நுண்ணுயிரை ஆராய்ந்து யாருக்கு என்ன லாபம்?’ என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. 1960-களில் இண்டியானா பல்கலைக்கழகத்தின் தாமஸ் பிராக், அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில், கை வைத்தால் வெந்துபோகும் சூட்டில் செழித்திருந்த ஒரு பாக்டீரியாவைக் கண்டெடுத்தார். அதன் நொதி, கொதிநிலையை நெருங்கும் வெப்பத்திலும் சிதையாமல் நின்றது. பிற்பாடு, மரபணுப் பொருளை மாறி மாறிச் சூடாக்கிப் படியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் சோதனையை எளிதாக்கியது அந்த நொதிதான். கொரோனா காலத்தில் நம் மூக்கில் குச்சியை விட்டு எடுத்த மாதிரியில் கிருமி இருக்கிறதா என்று சொன்னதும் அதே சோதனைதான்.

இதையெல்லாம் பல்கலைக்கழகங்களே மக்களிடம் உரக்கச் சொல்ல வேண்டாமா? ஆய்வு நிதி வெட்டப்பட்டால் அரசுக்கு ஒரு மனு. ஆய்வாளர் கேலி செய்யப்பட்டால் பெரும்பாலும் மௌனம். எனக்கு இது மிகுந்த வருத்தம் தருகிறது. பட்டமளிப்பு மேடைகளில் தரவரிசையைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியையாவது ஆய்வகத்தில் நடப்பதைச் சொல்லச் செலவிடலாம். தோற்றுப்போன சோதனைகளையும் மறைக்க வேண்டியதில்லை. வரிப்பணம் கொடுப்பவர்களுக்கு அதையும் அறியும் உரிமை இருக்கிறது. மாதத்தில் ஒரு நாளாவது ஆய்வகக் கதவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்